கனாசாவாவின் வட்ட அருங்காட்சியகம்: காலையிலும் அந்தியிலும் பார்ப்பதற்கான வழிகாட்டி

ஜப்பானின் கனாசாவா நகரில் உள்ள 21ஆம் நூற்றாண்டுச் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒரே நாளில் இரண்டு வேளை செல்லும்படி திட்டமிட வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை. காலையில் காட்சிக்கூடங்கள் திறக்கும் நேரத்தில் ஒரு முறையும், பொழுது சாயும் நேரத்தில் மறுமுறையும் அங்கே இருங்கள். இங்குள்ள நிரந்தரப் படைப்புகளில் முக்கியமானவை சட்டகத்துக்குள் மாட்டிய ஓவியங்கள் அல்ல. தண்ணீரும் வெளிச்சமும் வானமும் வண்ணக் கண்ணாடியுமே அவற்றின் மூலப்பொருள்கள். நண்பகலில் பார்த்த ஒன்று அந்தியில் வேறொன்றாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அருகிலுள்ள கென்ரோகுஎன் தோட்டத்துக்கும் மதிய உணவுக்கும் இடையே கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் இங்கே நுழைந்து, ‘நீச்சல் குளம்’ என்ற புகழ்பெற்ற கலைப்படைப்பின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் பயணிகள் பலர். அவர்கள் தவறவிடுவதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்த அருங்காட்சியகம் 2004ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி திறக்கப்பட்டது. கனாசாவா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பள்ளிகள் இருந்த இடம் அது. நகரத்தின் நடுவில், கோட்டைக்கும் தோட்டத்துக்கும் பக்கத்தில் கிடைத்த அந்த நிலத்தில், சானா என்ற கூட்டு நிறுவனத்தை நடத்தும் கஸுயோ செஜிமாவும் ரியூஎ நிஷிசாவாவும் கிட்டத்தட்ட 112 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டக் கட்டடத்தை வடிவமைத்தார்கள். இவர்கள் இருவருக்கும் 2010இல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. வெளிச்சுவர் முழுவதும் கண்ணாடி. வட்டம் என்பதால் கட்டடத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் இல்லை. பல திசைகளிலிருந்தும் வாசல்கள் உண்டு. நகரவாசிகள் இதை ‘மருபீ’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். ‘மரு’ என்றால் ஜப்பானிய மொழியில் வட்டம்.

ஒன்றை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நவீனக் கலை என்ற சொல்லைக் கேட்டதும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவில் வரையப்பட்ட ஓவியங்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம் நேரலாம். இது சமகாலக் கலைக்கான இடம். இதன் சேகரிப்பில் பெரும்பாலானவை 1980க்குப் பிறகு உருவானவை. ஓர் அறையையே படைப்பாக்கும் நிறுவல் கலை, காணொளி, ஒலி, கைவினை மரபிலிருந்து கிளைத்த புதிய ஆக்கங்கள் என்று அது பலவகைப்பட்டது. கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பொறுமையும் கால்களுக்கு வசதியான காலணியும் போதும்.

எந்த நாளில் செல்வது

கட்டடத்துக்குள் இரண்டு வகைப் பகுதிகள் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிதாகிவிடும். காட்சிக்கூடங்கள் இருக்கும் கட்டணப் பகுதி வட்டத்தின் நடுவில் இருக்கிறது. அது காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படும், வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள பொதுப் பகுதியில் கட்டணம் இல்லை. காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை யார் வேண்டுமானாலும் நடமாடலாம். மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே நுழைவுச்சீட்டு விற்பனையை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கட்டணப் பகுதிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை அரசு விடுமுறை நாளாக அமைந்தால் அன்று திறந்து வைத்து, அடுத்த வேலை நாளில் மூடுவார்கள். ஜப்பானின் பெரும்பாலான அருங்காட்சியகங்களில் இதே வழக்கம்தான். நான் முதன்முறை சென்றது ஒரு திங்கட்கிழமையில். நாள்காட்டியைப் பார்க்காமல் ரயில் ஏறியது முழுக்க என் தவறு. காட்சிக்கூடங்களின் கதவுகள் சாத்தியிருக்க, பொதுப் பகுதியின் கண்ணாடி நடைவழியில் பலமுறை சுற்றிவந்தேன். படைப்புகளின் கவர்ச்சி குறுக்கிடாமல் கட்டடத்தை மட்டும் கூர்ந்து பார்க்க அந்த நாள் வாய்ப்பளித்தது என்றாலும், அதற்காக நீங்களும் திங்கட்கிழமையில் போக வேண்டியதில்லை. ஆண்டு இறுதி விடுமுறையும் உண்டு. தற்காலிகக் கண்காட்சிகளை மாற்றும் வாரங்களில் கூடங்கள் பல மூடியே இருக்கும். அந்த வாரங்களில் சென்றால் பார்ப்பதற்கு மிகக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ள நாள்காட்டியைப் பாருங்கள்.

இப்படிப் பார்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2024 ஜனவரி 1 அன்று நிகழ்ந்த நோட்டோ தீபகற்ப நிலநடுக்கத்தில் காட்சிக்கூடங்களின் உட்கூரைக் கண்ணாடிப் பலகைகள் சில விழுந்து சேதமடைந்ததால், கட்டணப் பகுதி அந்த ஆண்டு ஜூன் மாதம் வரை மூடப்பட்டிருந்தது. நிலம் நடுங்கும் நாட்டில் கண்ணாடியால் ஒரு கட்டடத்தை எழுப்பியவர்கள் அதைத் தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டியிருக்கிறது. சீரமைப்புப் பணிகளுக்காகச் சில பகுதிகள் மூடப்படுவது இங்கே இயல்பு.

வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சனிக்கிழமையைவிடக் கூட்டம் குறைவு. இரவு 8 மணி வரை கூடங்களும் திறந்திருக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை மழையைப் பற்றிச் சொல்லாமல் கனாசாவாவைப் பற்றிப் பேச முடியாது. மதிய உணவுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்த வட்டாரத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. ஜப்பான் கடலின் ஈரக்காற்று குளிர்காலத்தில் மழையாகவும் பனியாகவும் இறங்கும். மழையோ பனியோ பெய்யும்போது நீச்சல் குளத்தின் மேல்தளத்தை மூடிவிடுவார்கள். குளத்தை மேலிருந்து பார்ப்பதே உங்கள் முதன்மை நோக்கம் என்றால் கனாசாவாவில் குறைந்தது இரண்டு நாள் தங்குங்கள். ஒரு நாள் மழைக்குப் போனாலும் மறுநாள் மிஞ்சும்.

நகருக்கும் அருங்காட்சியகத்துக்கும் வழி

2015 மார்ச் மாதத்தில் ஹொகுரிகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதை கனாசாவா வரை நீட்டிக்கப்பட்ட பிறகு டோக்கியோவிலிருந்து வருவது எளிதாகிவிட்டது. மிக வேகமான ககயாகி ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். அதில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உட்பட்டவை. நின்று நின்று செல்லும் ஹகுதகா சற்று அதிக நேரம் எடுக்கும். ஓசாகாவிலிருந்தோ கியோத்தோவிலிருந்தோ வருகிறவர்கள் தண்டர்பேர்ட் விரைவு ரயிலில் த்சுருகா வரை வந்து, அங்கே ஷின்கான்சென்னுக்கு மாற வேண்டும். 2024 மார்ச்சில் அந்தப் பாதை த்சுருகா வரை நீண்டதிலிருந்து இதுவே முறை. பழைய பயணக் குறிப்புகளில் தண்டர்பேர்ட் நேராகக் கனாசாவா வரை செல்வதாக எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

கனாசாவா நிலையத்தின் கிழக்கு வாசலில், உடுக்கையை ஒத்த த்சுஸுமி என்ற இசைக்கருவியின் வடிவத்தில் முறுக்கிய மரத்தூண்களால் எழுப்பிய பெரிய வாயில் ஒன்று நிற்கும். அந்தப் பக்கம்தான் பேருந்து நிலையம். பெரிய பெட்டிகளை ரயில் நிலையத்தின் நாணயப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, ‘ஹிரோசாகா 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம்’ என்ற நிறுத்தத்துக்குச் செல்லும் பேருந்தில் ஏறுங்கள். நகரைச் சுற்றிவரும் வட்டப் பேருந்தும் அங்கே நிற்கும். பின்கதவால் ஏறி, இறங்கும்போது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் கட்டணத்தைப் போட வேண்டும். அந்தப் பெட்டி மீதிச் சில்லறை தராது. பக்கத்தில் உள்ள எந்திரத்தில் முதலில் சில்லறை மாற்றிக்கொண்டு சரியான தொகையைப் போட வேண்டும். நடக்க விரும்புகிறவர்கள் அரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

நீச்சல் குளத்துக்கு முதலில் பெயர் கொடுங்கள்

அர்ஜென்டினா கலைஞர் லியாந்த்ரோ எர்லிச் 2004இல் இந்தக் கட்டடத்துக்காகவே உருவாக்கிய ‘நீச்சல் குளம்’ என்ற படைப்பைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். திறந்த முற்றத்தில், கல் பாவிய கரையும் இறங்கும் ஏணியும் கொண்ட ஒரு சாதாரணக் குளம் தெரியும். எட்டிப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் உடுத்திய உடையோடு மனிதர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். உண்மையில் கண்ணாடித் தளத்தின் மேல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கே தண்ணீர் நிற்கிறது. அதற்குக் கீழே நீலம் பூசிய வெற்று அறை இருக்கிறது. இந்தச் சூட்சுமம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். எல்லாம் தெரிந்த பிறகும் கண் ஏமாறுகிறது. அறிவு சொல்வதைக் கண் கேட்க மறுக்கும் அந்த இடைவெளியில்தான் இந்தப் படைப்பு இயங்குகிறது.

நடைமுறையில் மேல்தளத்துக்கும் கீழ் அறைக்கும் தனித்தனி விதிகள் உண்டு. கீழே இறங்குவதற்குக் கண்காட்சி நுழைவுச்சீட்டும், அன்றைக்கான முறைப்பதிவும் தேவை. முறைப்பதிவு நடத்தும் விதம் கடந்த ஆண்டுகளில் சிலமுறை மாறியிருக்கிறது. கிளம்பும் நாளன்று காலையில் இணையதளத்தில் அப்போதைய விதியைப் படித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களில் இடங்கள் பிற்பகலுக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும். எனவே கட்டடத்துக்குள் கால் வைத்ததும் வேறெதிலும் கவனம் செலுத்தாமல் முதலில் நுழைவுச்சீட்டு வாங்கி, குளத்துக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். அதன்பின் உங்கள் முறை வரும்வரை மற்றக் கூடங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

சேகரிப்பிலிருந்து தேர்ந்தெடுத்து வைக்கும் கண்காட்சிக்குக் கட்டணம் சில நூறு யென்தான். சிறப்புக் கண்காட்சி என்றால் ஆயிரம் யென்னைத் தாண்டும். மாணவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் சலுகை உண்டு. வயதைக் காட்டக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கீழ் அறையில் அனுமதிக்கும் நேரம் சுருக்கமானது. அந்த நேரம் முழுவதையும் கைப்பேசித் திரையின் வழியாகச் செலவிடுவது பெரும் இழப்பு. முதல் நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு கைப்பேசியைப் பையில் வையுங்கள். தலைக்கு மேல் தண்ணீர் அசையும்போது அதன் நிழற்கோடுகள் சுவரிலும் தரையிலும் உங்கள் கைகளிலும் ஓடுவதைப் பாருங்கள். வெயில் ஏறிய முற்பகலில் இந்தக் கோடுகள் மிகத் தெளிவாக இருக்கும். காலையில் வரச் சொன்னதன் காரணம் இதுதான். இணையராகச் சென்றால் ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் சில நிமிடங்கள் நில்லுங்கள். நன்றாகத் தெரிந்த முகம் தண்ணீருக்கு அப்பால் நெளிந்து கலைவதைப் பார்ப்பது விளையாட்டாகத் தொடங்கினாலும் விளையாட்டாகவே முடிவதில்லை.

கூடங்களுக்குள்

காட்சிக்கூடங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியாக வட்டத்துக்குள் நிற்கின்றன. அவற்றின் உயரமும் அளவும் ஒன்றுக்கொன்று வேறுபடும். இடையே ஓடும் நடைவழிகள் தெருக்களைப் போலக் குறுக்கும் நெடுக்கும் செல்கின்றன. இந்த வழிதான் சரி என்று எதுவும் வகுக்கப்படவில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண் வரிசைப்படி பார்க்க முயன்றால் களைப்புதான் மிஞ்சும். அதைவிட ஒரு நடைவழியில் நின்று, எதிர்முனையில் தெரியும் மரத்தையோ முற்றத்தையோ நோக்கி நடப்பது நல்லது. பார்வை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தடையின்றிச் செல்லும்படிதான் கண்ணாடிச் சுவர்களையும் மெல்லிய வெண்தூண்களையும் அமைத்திருக்கிறார்கள். உள்முற்றம் ஒன்றின் குறுக்கே, கண்ணாடி நடைவழியை ஒட்டி, பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாத்ரிக் ப்ளாங் வளர்த்த செங்குத்துத் தோட்டச் சுவரும் அப்படி நடக்கும்போது எதிர்ப்படும்.

இந்தக் கூடங்களில் தவறவிடக் கூடாத ஒன்று அனிஷ் கபூரின் அறை. மும்பையில் பிறந்து இலண்டனில் வாழும் இந்தக் கலைஞர், சாய்வான கான்கிரீட் சுவர் ஒன்றில் பெரிய நீள்வட்டக் கருமையை வைத்திருக்கிறார். முதலில் அது சுவரில் பூசிய கறுப்பு வண்ணம்போலத் தெரியும். சற்று நேரத்தில் ஆழம் காண முடியாத குழிபோலத் தோன்றும். இன்னும் கொஞ்சம் நின்றால் சுவரிலிருந்து புடைத்து வெளியே வருவதுபோலவும் தோன்றும். உள்ளே பூசிய அடர்த்தியான நிறப்பொடி ஒளியை விழுங்கிவிடுவதால், தூரத்தை அளப்பதற்குக் கண்ணுக்கு ஒரு பிடிமானமும் கிடைப்பதில்லை. இந்த மூன்று தோற்றங்களும் வருவதற்குக் குறைந்தது ஐந்து நிமிடம் ஆகும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் தோற்றம் மட்டுமே கிடைக்கிறது. நேர் எதிரே நின்று பாருங்கள், பிறகு இடது கோடிக்கும் வலது கோடிக்கும் நகர்ந்து பாருங்கள்; தலையை அசைக்காமல் ஒரு முறையும் பாருங்கள். குனிந்து எல்லையைத் தாண்ட வேண்டாம்.

தற்காலிகக் கண்காட்சிகளைப் பார்க்கும்போது நான் பின்பற்றும் முறை எளிமையானது. அறைக்குள் நுழைந்ததும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் இரண்டு நிமிடம் படைப்பின் முன் நிற்பேன். பிறகு குறிப்பைப் படித்துவிட்டு மறுபடியும் படைப்பிடம் திரும்புவேன். இரண்டாவது பார்வை தரும் மாற்றம்தான் அந்தக் குறிப்பின் பயன். எல்லா அறைகளையும் இப்படிப் பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. ஈர்க்காத அறையைக் குற்ற உணர்ச்சியின்றிக் கடந்து, ஈர்த்த அறைக்கு இரண்டாம் முறை செல்லுங்கள்.

நடத்தை விதிகள் ஜப்பானில் எழுதப்பட்டவையும் உண்டு, எழுதப்படாதவையும் உண்டு. படம் எடுக்கலாமா என்பதை ஒவ்வோர் அறையின் வாசலிலும் உள்ள படக்குறி சொல்லும். அறைக்கு அறை அது மாறும். அனுமதி உள்ள இடத்திலும் மின்னல் விளக்கு, முக்காலி, நீளக்கோல் ஆகியவை கூடாது. குறிப்பெடுக்க விரும்பினால் பென்சில் கொண்டுசெல்லுங்கள். மை சிந்தும் அபாயத்தால் பேனாவை ஜப்பானிய அருங்காட்சியகங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை, கேட்டால் காவலரே பென்சில் தருவார். நனைந்த குடையை உள்ளே எடுத்துச் செல்லாமல், வாசலில் உள்ள குடைத்தாங்கியில் வையுங்கள். முதுகுப்பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாம். இத்தகைய பெட்டகங்கள் பலவற்றில் 100 யென் நாணயத்தைப் போட்டுப் பூட்டி, திறக்கும்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதால் ஒரு நாணயம் எப்போதும் கையில் இருக்கட்டும். உள்ளே தாழ்ந்த குரலில் பேசுவது வழக்கம். உதவி வேண்டுமானால் ‘சுமிமாசென்’ என்று மெல்ல அழைத்தால் போதும். காவலர்கள் மிகுந்த அக்கறையோடு வழிகாட்டுவார்கள்.

கட்டணமில்லாத பகுதியும் புல்வெளியும்

கூடங்களை முடித்ததும் உட்கார வேண்டும் என்று தோன்றும். பொதுப் பகுதியில் தைவானைச் சேர்ந்த மைக்கேல் லின், கனாசாவாவின் மரபான பட்டுச் சாயக் கலையான ககா யூசெனின் பூ வடிவங்களை ஒரு சுவர் முழுக்கப் பெரிதாக்கி வரைந்திருக்கிறார். அதன் முன்னால் அதே பூக்களைத் தாங்கிய ஆடும் நாற்காலிகள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி வரிசையாக இருக்கின்றன. இவை காட்சிப்பொருள்கள் என்று தயங்கி நிற்க வேண்டாம், உட்காருவதற்கென்றே வைத்தவை. ககா யூசென் கிமோனோவை நகரத்தின் கடைகளில் பார்த்துவிட்டு இங்கே வந்தால், அந்தச் சிறு பூக்கள் சுவரளவுக்கு வளர்ந்திருப்பதன் அழகு இன்னும் நன்றாகப் புரியும்.

வெளியே புல்வெளியில் தூம்பு வடிவக் குழாய்கள் ஆங்காங்கே தரையிலிருந்து எழுந்து நிற்பதைக் காணலாம். ஃப்ளோரியன் கிளார் அமைத்த இந்த 12 குழாய்களும் நிலத்துக்கு அடியில் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டவை. ஒன்றில் பேசினால் எங்கோ இருக்கும் அதன் இணைக்குழாயில் குரல் கேட்கும். பக்கத்துக் குழாயில் கேட்கும் என்று எதிர்பார்த்தால் கிடைக்காது. குழந்தைகளோடு செல்கிறவர்கள் இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். கட்டடத்தின் கூரையை நிமிர்ந்து பார்த்தால், சிறு ஏணியின் மேல் நின்று, இரு கைகளாலும் அளவுகோலை உயர்த்தி மேகத்தை அளக்கும் மனிதன் ஒருவன் தெரிவான். பெல்ஜியக் கலைஞர் யான் ஃபாப்ரேயின் சிற்பம் அது. நிமிர்ந்து பார்க்காத காரணத்தாலேயே பலர் அவனைத் தவறவிடுகிறார்கள்.

பிற்பகலை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு அக்கம்பக்கத்திலேயே விடை இருக்கிறது. சாலையைக் கடந்தால் கென்ரோகுஎன் தோட்டத்தின் மயுமிசாகா வாசல். எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது, சிறிது தூரம் நடந்தால் வரும் டி. டி. சுசுகி அருங்காட்சியகம். ஜென் சிந்தனையை மேலைநாடுகளுக்கு எடுத்துச்சொன்ன தைசெத்சு சுசுகி கனாசாவாவில் பிறந்தவர். அவருக்காக 2011இல் திறந்த இந்தச் சிறு கட்டடத்தை வடிவமைத்தவர் யோஷியோ தனிகுச்சி. அசைவற்ற நீர்ப்பரப்பின் ஓரம் அங்கே அரை மணி நேரம் அமர்ந்திருப்பது, அந்தியில் பார்க்கப்போகும் படைப்புக்குக் கண்ணையும் மனத்தையும் பக்குவப்படுத்தும். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.

அந்தியில் திரும்பி வாருங்கள்

இரண்டாம் வருகையின் நோக்கம் ஜேம்ஸ் டரல் உருவாக்கிய ‘நீலக் கோள வானம்’. அமெரிக்கரான டரல் கல்லூரியில் புலனுணர்வு உளவியல் படித்தவர்; ஒளியையே பொருளாகக் கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பணிபுரிந்துவருகிறார். இங்கே அவர் செய்திருப்பது சதுரமான ஓர் அறை. அதன் கூரை நடுவில் சதுரமான ஒரு திறப்பு. அதில் கண்ணாடி இல்லை. மழை வந்தால் உள்ளே பெய்யும், பனி வந்தால் உள்ளே இறங்கும். சுவரை ஒட்டி நான்கு பக்கமும் திண்ணைபோல் இருக்கை அமைந்திருக்கிறது. பழைய வீட்டு முற்றத்தில் மல்லாந்து வானத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இருக்காது. ஆனால் முற்றத்தில் கூரை ஓடுகளும் தூண்களும் வானத்துக்கு ஒரு சட்டகம் போடும். இங்கே திறப்பின் விளிம்பு மிக மெல்லியதாகச் செதுக்கப்பட்டிருப்பதால் கூரையின் தடிமன் கண்ணுக்குப் படுவதில்லை. வானம் எங்கோ உயரத்தில் இருப்பதாக அல்லாமல், கூரையில் விரித்த துணிபோல மிக அருகில் இருப்பதாகத் தோன்றும்.

பகலில் இந்த அறைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். அதில் அவர்கள் தவறு ஏதும் இல்லை. நடுப்பகலில் இந்தப் படைப்பு பெரும்பாலும் உறங்குகிறது. பொழுது மறைவதற்கு அரை மணி நேரம் முன்பு வந்து அமருங்கள். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் 7 மணியைத் தாண்டும். அறை பொதுப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் சீட்டு தேவையில்லை. குளிர்காலமானால் கையுறையும், இருக்கையின் குளிரைத் தடுக்க மடித்துப் போட ஒரு துண்டும் எடுத்துச் செல்லுங்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது குளிர் எதிர்பார்த்ததைவிட விரைவில் ஏறும்.

முதல் பத்து நிமிடங்களில் எதுவும் நிகழாததுபோல இருக்கும். சுவரில் படிந்த வெளிச்சம் மெல்ல மங்கும். பிறகு உள்ளிருக்கும் விளக்கொளி சுவர்களுக்கு இளஞ்சூடான நிறத்தைத் தரத் தொடங்கும். அந்த நிறத்துக்கு எதிராக நிற்கும்போதுதான் மேலே இருக்கும் நீலம் அடர்த்தி பெறுகிறது. வெளியே நின்று பார்த்தால் சாம்பலாகத் தெரியும் அதே வானம், சதுரத்தின் வழியே ஆழ்ந்த நீலமாகவும் சற்றுக் கழித்து மையிருட்டாகவும் மாறும். வானம் மாறியதைவிட நம் கண் மாறியதே அதிகம் என்பதை எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தால் சோதித்துக்கொள்ளலாம். ஒரு பறவையோ மேகத்துணுக்கோ சதுரத்தைக் கடக்கும்போது அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தியதை நான் உணர்ந்திருக்கிறேன். மொழி தெரியாத அந்நியர்களோடு அந்தக் கணத்தைப் பகிர்ந்துகொண்டதற்காகவே இந்த நகருக்கு மறுபடி சென்றேன்.

மேகம் மூடிய நாள் என்றால் வருந்த வேண்டாம். தெளிந்த வானத்தில் நிறம் சீராக மாறும். மேகமூட்டத்தில் சாம்பலின் பல அடுக்குகள் தெரியும். தூறல் நாளில் திறப்பின் வழியே இறங்கும் நீர்த்துளிகள் விளக்கொளியில் மின்னுவதைச் சுவரோரத்தில் நனையாமல் அமர்ந்து பார்க்கலாம்.

அறையிலிருந்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். புறப்படும் முன் புல்வெளிப் பக்கம் செல்லுங்கள். ஓலஃபர் எலியாசன் 2010இல் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சுருள் அங்கே இருக்கிறது. நீலப்பச்சை, செவ்வூதா, மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களில் வளைந்த மூன்று கண்ணாடிச் சுவர்கள் ஒன்றையொன்று மேவி நிற்கும். பகலில் அவற்றினூடே நகரத்தைப் பார்ப்போம். இரவில் நடுவிலுள்ள விளக்கு எரியத் தொடங்கிப் பொழுது விடியும் வரை எரிவதால் அவை தாமே ஒளிரும் கூடாகிவிடுகின்றன. உள்ளே நுழைந்து மெதுவாக நடந்தால் இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறப்பதையும், எதிரே வருகிறவர் முதலில் மஞ்சளாகவும் பிறகு பச்சையாகவும் கடந்துபோவதையும் காணலாம். இதற்கு வாசலும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. நிலையத்துக்குத் திரும்பும் பேருந்துகள் இரவில் குறைந்துவிடுமாதலால், கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டும் காலையில் இறங்கும்போதே நிறுத்தத்தின் பலகையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.